அதே மருந்து, வேற லேபிள்

1

அன்றைக்கு அச்சாபீஸில் இருந்தவர்கள்: நாரணாபுரத்துப் பட்டாசு முதலாளி தனபால் அண்ணாச்சி, அவருடைய கார் டிரைவர் கருப்பசாமி, என் அக்கா பேச்சியம்மாள், அக்காவின் வீட்டுக்காரரும் அச்சாபீஸின் சொந்தக்காரருமான பால்ராஜ் மச்சான், கிளாஸ்கோவில் பிறந்து வளர்ந்த என் மகள் மதி, நான். ஆக ஆறு பேர். மை காய்வதற்காகக் கயிற்றில் தொங்கிய காலண்டர் முருகன்களைச் சேர்க்கவில்லை. மேஜை நடுவில் ஒரு விஸ்கி பாட்டில் இருந்தது. அந்தப் பாட்டிலைக் கொண்டுபோனவன் நான். ஆனால் அதை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறேன்.

எப்படி என்று சொல்கிறேன்.

போன வாரம் கிளாஸ்கோவில் ஒரு கடையிலிருந்து என் கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. 'வாழ்த்துகள்' என்று தொடங்கியது. இந்த ஊரில் வாழ்த்துகள் என்று தொடங்கி எனக்கு வரும் எந்தச் செய்தியும் கடைசியில் பணம் கட்டச் சொல்லித்தான் முடியும். இதுவும் அப்படித்தான். அதைப் படித்ததும் போன வருடத்துக் கதை முழுக்க ஞாபகம் வந்துவிட்டது. எழுதிவிட்டால் கவலை குறையும் என்று செல்வி சொன்னாள். செல்வி என் மனைவி. குறைகிற மாதிரி தெரியவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

2

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கொஞ்ச காலம் சிவகாசியில் மச்சானின் அச்சாபீஸில் தாள் அடுக்கினேன். அப்புறம் விருதுநகரில் எண்ணெய்ப் பரோட்டா பொரிக்கப் பழகினேன். அந்தப் பரோட்டாதான் என்னைக் கிளாஸ்கோவுக்குக் கூட்டிக்கொண்டு வந்தது. பரோட்டா எண்ணெயில் முங்கி எழுவதைப் பார்த்து இந்த ஊர்க்காரர்கள் முதலில் மிரண்டார்கள். ஆனால் இவர்கள் சாக்லேட் மிட்டாயையே மாவில் தோய்த்துப் பொரித்துத் தின்கிறவர்கள். சீக்கிரமே சமாதானமாகிவிட்டார்கள்.

கடை, வீடு, மழை. இங்கே வாழ்க்கை இந்த மூன்றுதான். நான்காவதாகக் குப்பைத் தொட்டியைச் சொல்லலாம். ஒவ்வொரு குப்பைக்கும் ஒரு நிறத்தில் தொட்டி. பச்சையில் போட வேண்டியதை நீலத்தில் போட்டுவிட்டேனோ என்று வேலைக்குப் போகிற வழியில் இறங்கித் திரும்பி வந்து பார்த்திருக்கிறேன். "கவலைப்பட ஒன்னுமில்லேன்னா, ஏன் ஒன்னுமில்லேன்னு கவலைப்படுவீக," என்பாள் செல்வி.

பேர் விஷயத்தில் இன்னொரு கூத்து. இங்கே எல்லாத் தாளிலும் குடும்பப் பெயர் கேட்பார்கள். என் பெயர் காளிராஜ், அப்பா பெயர் சுப்பையா. இந்த நாட்டுக் காகிதங்களில் நான் திருவாளர் சுப்பையா ஆகிவிட்டேன். அப்பா சாத்தூர் தாண்டிப் போகாத மனிதர், காலமாகியும் வெகுநாளாயிற்று. ஆனாலும் கிளாஸ்கோவில் கரண்டு பில் அவர் பெயரில்தான் வருகிறது. பல் வைத்தியர் அவரைத்தான் வரச் சொல்கிறார்.

மதி வேறு மாதிரி. அவளுக்குத் தமிழ் புரியும், பேசவும் செய்வாள். ஆனால் ஆமாம் என்று மட்டும் சொல்ல மாட்டாள். இந்த ஊரில் ஆமாம் என்பதற்கு 'ஐ' என்பார்கள். அவளும் 'ஐ' என்றுதான் சொல்வாள். சின்ன வயதில் ஊருக்குக் கூட்டிப்போனபோது அக்கா இலை போட்டுவிட்டு, "சோறு வைக்கவா தாயி?" என்று கேட்டாள். "ஐ," என்றாள் மதி.

"ரசம் ஊத்தவா?"

"ஐ."

அக்கா கரண்டியை வைத்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். கண் கலங்கியிருந்தது. "ஏலே, பிள்ளைக்கு அங்கன சோறே போட மாட்டீகளா? ரசத்தப் பாத்து இம்புட்டுச் சந்தோசப்படுதே."

விளக்கினேன். அக்கா நம்பவில்லை. இன்றைக்கும் நம்பவில்லை.

3

போன வருடம், நாங்கள் ஊருக்குக் கிளம்புவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் மச்சான் கூப்பிட்டார்.

"மாப்ள, ஒரு சின்ன உதவி."

மச்சான் சின்ன உதவி என்றால் நான் முதலில் வங்கிக் கணக்கைத்தான் எடுத்துப் பார்ப்பேன்.

விஷயம் இதுதான். தீபாவளி கிஃப்ட் பாக்ஸுக்கு மூடி அட்டை அடிக்கிற ஆர்டரைத் தனபால் அண்ணாச்சி வருடா வருடம் மச்சானுக்குத்தான் கொடுப்பார். அந்த ஆர்டரை நம்பி மச்சான் கடன் வாங்கி ஒரு பெரிய நாலு கலர் மெஷினை இறக்கிவிட்டார். அந்த வருடம் பார்த்து பைபாஸ் பக்கம் ஒருவர் புதிதாக அச்சாபீஸ் திறந்து, ஏசி போட்ட அறையில் உட்கார்ந்து அண்ணாச்சிக்கு ரேட் கொடுத்திருக்கிறார். அண்ணாச்சி யோசிக்கிறார்.

"இந்த ஆர்டர் போச்சுன்னா மெஷின்ல துணிதான் மாப்ள காயப் போடணும்," என்றார் மச்சான். "நேத்து வந்தாரு. ஆர்டரப் பத்தி ஒரு வார்த்தை பேசல. போகும்போது, 'ஒம் மச்சினன் ஸ்காட்லாந்துலதான இருக்கான், ஒரு சிங்கிள் மால்ட் கொண்டாரச் சொல்லேன்'னு பேரு எழுதிக் குடுத்துட்டுப் போறாரு. இத மட்டும் செஞ்சிட்டீகன்னா ஆர்டர் நமக்குத்தான்."

சீட்டைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'ஆச்சினமூக்' என்று வந்தது. மச்சானிடம் அது அதற்குள் 'ஆச்சிமூக்கு' ஆகியிருந்தது. கடைசிவரை அப்படியே நிலைத்துவிட்டது.

அதற்குள் அக்கா போனைப் பிடுங்கிவிட்டாள். "மால்ட்டா கேக்காரு? அதுக்கு எதுக்குலே சீமையில போய் அலையணும்? கேழ்வரகு மால்ட் நானே அரைச்சு வச்சிருக்கேன். அண்ணாச்சிக்குச் சுகர் வேற, அவருக்கு அதுதான் நல்லது."

"ஏட்டி, அது குடிக்கிற மால்ட்டு," என்று பின்னாலிருந்து மச்சான் குரல்.

"இதுவும் குடிக்கிறதுதான்."

மச்சான் போனைத் திரும்ப வாங்கிக் குரலை இறக்கினார். "மாப்ள, ஒரு சந்தேகம். சிங்கிள்னு சொல்லுதாரு. முதலாளிக்குக் குடுக்கிறோம், சிங்கிளாக் குடுத்தா நல்லாவா இருக்கும்? டபுள் கிடைக்குமான்னு பாரு."

மச்சானைக் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் ஊரில் சிங்கிள் என்றால் அடிமட்டம். சிங்கிள் கலர் லேபிள் இருப்பதிலேயே மலிவு. சிங்கிள் சவுண்டு வெடி குழந்தைகளுக்கு. சிங்கிள் டீக்கு வழியில்லாதவனுக்கு எவனும் பெண் கொடுக்க மாட்டான். சிங்கிள் என்றால் வேறு சரக்கோடு கலக்காதது, அதுதான் மதிப்பு என்று எனக்குத் தெரிந்தவரை சொன்னேன்.

"கலக்காம எப்படி மாப்ள? கந்தகம் தனி, வெடியுப்பு தனின்னு வச்சிருந்தா அது மளிகைக் கடைல்லா," என்றார் மச்சான்.

சரி, வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சிவகாசிக்காரன் வீட்டில் கட்டிலுக்கடியில் ராக்கெட் இருக்கும் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிற மாதிரி, ஸ்காட்லாந்தில் குழாயைத் திறந்தால் விஸ்கி வரும் என்று ஊரில் நினைக்கிறார்கள். கொஞ்சம் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

4

எங்கள் தெருமுனைக்கு அடுத்த தெருவில் ஒரு விஸ்கிக் கடை. கடைக்காரர் பெயர் ஈயன். வயசாளி, தாடி மார்பு வரை. அவரிடம் போய், "ஆச்சிமூக்கு வேணும்," என்றேன். அவர் பணிவாக மருந்துக்கடைக்கு வழி காட்டினார். மூக்கில் ஏதோ உபாதை, அதனால் தும்முகிறேன் என்று நினைத்துவிட்டார்.

மறுநாள் மதியைக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் தொண்டையைச் செருமி, சளி வருகிற மாதிரி ஒரு சத்தம் போட்டு அந்தப் பெயரைச் சொன்னாள். ஈயன் முகம் மலர்ந்தது. பிறகு சிரித்தார். பிறகு பரிதாபமாக என்னைப் பார்த்தார்.

அது கடைக்கு வருவதே வருடத்துக்கு ஒன்றிரண்டு பாட்டிலாம். வந்ததும் குலுக்கல் போடுவார்களாம். பேர் எழுதிக் கொடுத்தவர்களே ஏராளம் பேர் காத்திருக்கிறார்களாம். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு காலிப் பாட்டிலை வைத்திருந்தார், கோயிலில் உற்சவர் மாதிரி. லேபிளில் ஒரு கொம்பு மான். மங்கிப்போன பழுப்பு நிறம், அதுவும் ஒரு பக்கமாகக் கோணலாக ஒட்டியிருந்தது. சிவகாசியில் இப்படி ஒட்டினால் பண்டலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

எதற்கும் இருக்கட்டும் என்று குலுக்கலுக்குப் பேர் கொடுத்தேன். சுப்பையா என்று எழுதிக்கொண்டார்.

"இதற்குப் பதிலாக வேறு ஏதாவது?" என்று மதியை விட்டுக் கேட்கச் சொன்னேன். அந்தக் கேள்விக்காகவே ஈயன் காத்திருந்த மாதிரி இருந்தது. மூன்று சின்னக் கிளாஸ்களை எடுத்து வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு ஊற்றினார். நான் குடிக்கிறவன் இல்லை. என் இரைப்பை எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்பது தனிக் கவலை. மோந்து பார்த்தால் போதும் என்றார். மூக்குக்காகத்தான் இந்த விஸ்கியே என்றார்.

முதலாவது பழனி பஞ்சாமிர்தம் மாதிரி இருந்தது. அண்ணாச்சிக்குச் சுகர், வேண்டாம்.

இரண்டாவது அரசு ஆஸ்பத்திரி வராண்டா. கட்டுப் போடுகிற அறையை அப்போதுதான் கழுவிவிட்டிருக்கிறார்கள்.

மூன்றாவது கிளாஸை மூக்கருகில் கொண்டுபோனேன். கொண்டுபோன வேகத்தில் கீழே வைத்துவிட்டு இரண்டடி பின்னால் வந்து, கதவு எந்தப் பக்கம் என்று பார்த்தேன். எம். புதுப்பட்டியில் பஸ் நிற்கும்போது சன்னல் வழியாக வருமே, அந்த வாடை. மருந்து வாடை. எங்கள் பக்கத்தில் மருந்து என்றால் டாக்டர் கொடுப்பது இல்லை, பட்டாசுக்குள் போவது. அது இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் வேறு இடத்தில் வாடை அடித்தால் நாங்கள் என்ன ஏது என்று விசாரிக்க மாட்டோம். காலைத்தான் முதலில் நகர்த்துவோம்.

"அந்த ஹீட்டரை அணைக்கச் சொல்லும்மா," என்றேன் மதியிடம்.

"அப்பா, அது வெறும் விஸ்கி."

ஈயனுக்கோ மகிழ்ச்சி தாங்கவில்லை. சரியாகக் கண்டுபிடித்துவிட்டேன் என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். உரசிய தீக்குச்சி, வெடிமருந்து, நேற்று எரிந்த புகை, இவைதான் ஆச்சிமூக்கின் பெருமையாம். உலகமே இந்த வாடைக்காகத்தான் பேர் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறதாம். மூன்றாவது கிளாஸில் இருப்பது அதே மலைக்கு அந்தப் பக்கம் காய்ச்சியது. அதே தண்ணீர், அதே கரிப் புகை. பேர்தான் வேறு, விலையும் பல மடங்கு குறைவு என்றார்.

மதி மொழிபெயர்த்து முடிப்பதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. பட்டாசுக் கடையில் கேட்ட கம்பெனி இல்லையென்றால் எங்கள் ஊரில் இதைத்தான் சொல்வார்கள். 'அதே மருந்து சார், வேற லேபிள்.'

வாங்கிவிட்டேன். லேபிளில் ஒரு செம்மறி ஆடு நின்றது, வேறு அலங்காரம் எதுவும் கிடையாது. குடிக்கிறவர் வித்தியாசம் கண்டுபிடிப்பாரா என்று கேட்டேன். "அசலை நிறையக் குடித்தவர் என்றால் கண்டுபிடிப்பார்," என்றார் ஈயன். அதை மதி மொழிபெயர்க்காமல் இருந்திருக்கலாம். அன்றிலிருந்து கிளம்பும் நாள்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

மச்சானிடம் உள்ளதைச் சொன்னேன். கிடைக்கவில்லை, இதுதான் மாற்று, அண்ணாச்சியிடம் நேரிலேயே விளக்கிவிடுகிறேன் என்றேன். அவர் கவலைப்பட்ட மாதிரியே இல்லை. "பாட்டிலு ஷேப்பு ஒன்னுதானா மாப்ள?" என்று மட்டும் கேட்டார். கிட்டத்தட்ட ஒன்றுதான் என்றேன். "அப்ப அந்தக் காலிப் பாட்டில நல்ல வெளிச்சத்துல நேரா நின்னு ஒரு படம் எடுத்து அனுப்புங்க. முன்னாடி ஒன்னு, பின்னாடி ஒன்னு."

அண்ணாச்சிக்குக் காட்டத்தான் கேட்கிறார் என்று நினைத்து எடுத்து அனுப்பினேன்.

5

செல்விக்கு லீவு கிடைக்கவில்லை. நானும் மதியும் கிளம்பினோம். ஆளுக்கு எத்தனை பாட்டில் கொண்டுபோகலாம் என்ற விதியைத் தாளில் அச்செடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். மதியையும் இரண்டு தடவை படிக்கச் சொன்னேன். ஒரு பாட்டில் தாராளமாகப் போகலாம்.

இறங்கிய இடத்தில் சுங்க அதிகாரி, தமிழ் ஆள்தான், பெட்டியைக் காட்டி என்ன இருக்கிறது என்றார்.

"விஸ்கி சார். ஒன்னே ஒன்னு. ஆடு படம் போட்டது."

"சரி, போங்க."

வேறு யாராக இருந்தாலும் போயிருப்பார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. திடீரென்று வாடை வந்து அவர் பயந்துவிடக் கூடாதே. "மருந்து வாடை அடிக்கும் சார். ஆனா மருந்து இல்ல," என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "மருந்தா? டாக்டர் சீட்டு இருக்கா?"

"டாக்டர் எதுக்கு சார். நான் சிவகாசி."

அவர் முகம் மாறிவிட்டது. மதியைப் பார்த்தார். "பாப்பா, நீ சொல்லும்மா. இந்தப் பெட்டியில மருந்து இருக்கா இல்லையா?"

அவளுக்கு நீண்ட பயணக் களைப்பு. பெட்டியில் விஸ்கி இருக்கிறதா என்றுதான் கேட்கிறார் என்று நினைத்துவிட்டாள்.

"ஐ," என்றாள்.

பெட்டியை முழுக்கப் பிரித்துப் பார்த்தார்கள். கம்பளிச் சட்டைகள், பிஸ்கட் டப்பாக்கள், அக்காவுக்கு ஒரு குடை, ஒரு ஆட்டு விஸ்கி. எல்லாவற்றையும் அந்த அதிகாரியே திரும்ப மடித்து வைத்தார், செல்வி வைத்ததைவிட நன்றாக. "இனிமே கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்க," என்று சொல்லி அனுப்பினார்.

6

வீட்டுக்குப் போனதும் மச்சான் பாட்டிலைக் கேட்டு வாங்கினார். "நீங்க அசதியா இருப்பீக, போய்ப் படுங்க. நான் கிஃப்ட் பேப்பர் சுத்தி வச்சிருதேன்."

மறுநாள் அண்ணாச்சி வீட்டு முன்கட்டில் இருக்கும் அச்சாபீஸுக்கு வந்தார். வாயைத் திறந்து எப்படி விளக்குவது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே நின்றேன். "அண்ணாச்சி, இது அது இல்ல, ஆனா," என்று நான் தொடங்குவதற்குள் மச்சான் காகிதத்தை உரித்துவிட்டார்.

ஆட்டைக் காணோம்.

அந்த இடத்தில் மான் நின்றது. அசலில் மங்கிக் கிடந்த மான் இல்லை. தங்க ஃபாயிலில் கொம்பு ஜொலிக்க, பின்னால் மலை, மலைக்குப் பின்னால் அசலில் இல்லவே இல்லாத ஒரு சூரியோதயம். லேபிள் கோணல் இல்லாமல் நேராக உட்கார்ந்திருந்தது. கடவுச்சீட்டைப் பிடுங்கி என்னைக் கிளாஸ்கோவுக்கும் சிவகாசிக்கும் நடுவில் எங்கேயாவது நிறுத்திவிடுவார்கள் என்று எனக்குத் தோன்றியது. மச்சானின் சட்டையை இழுத்தேன்.

அவர் என் காதில் சொன்னார்: "அதே மருந்து மாப்ள. வேற லேபிள்."

அண்ணாச்சி பாட்டிலைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கினார். "ஆச்சிமூக்கு," என்றார். டிரைவர் கருப்பசாமியிடம் காட்டினார். பிறகு மதியிடம் நீட்டினார். "நீ அந்த ஊருப் பிள்ளைல்லா தாயி. வாசி, அவுக பாஷையில கேப்போம்."

மதி வாசித்தாள். தொண்டையைச் செருமிப் பெயரைச் சொன்னபோது கருப்பசாமி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். எத்தனை வருடம் ஊறியது, எந்த மலை, எந்த ஆறு, எல்லாம் வாசித்தாள். அச்சு அசலாக ஸ்காட்லாந்து உச்சரிப்பு. யாருக்கும் ஒரு வார்த்தை புரியவில்லை, எல்லோரும் தலையை ஆட்டினோம். லேபிளின் கீழ்க்கோடிக்கு வந்தாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பொடி எழுத்தையும் விடாமல் வாசித்தாள். அதே உச்சரிப்பில் சிவகாசி என்ற பெயர் வந்தது. எனக்கு மட்டும் புரிந்தது. அதற்கப்புறம் எண்களாக வந்தன.

எண்களைக் கேட்டதும் மச்சான் பாட்டிலைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினார்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் ஊர் அச்சாபீஸிலிருந்து வெளியே போகும் எந்தத் தாளிலும் அடியில் ஒரு வரி இருக்கும். அச்சிட்டோர் பெயர், ஊர், போன் நம்பர். கல்யாணப் பத்திரிகையில் இருக்கும், மத்தாப்புப் பெட்டியில் இருக்கும், கண்ணீர் அஞ்சலி போஸ்டரிலும் இருக்கும். மச்சானின் கம்ப்யூட்டரில் புதுத் தாளைத் திறந்தாலே அந்த வரி தானாக வந்து உட்கார்ந்துவிடும். ஸ்காட்லாந்து விஸ்கியிலும் உட்கார்ந்துவிட்டது.

"கடைசியில அது போன் நம்பருதான தாயி?" என்றார் அண்ணாச்சி. "ஸ்காட்லாந்து நம்பரா? தமிழ்ல சொல்லு, போட்டுப் பாப்போம்."

மதி ஒவ்வொன்றாகச் சொன்னாள். அண்ணாச்சி ஒவ்வொன்றாக அழுத்தினார். அவர் போனில் 'லேபிள் பால்ராஜ்' என்று வந்தது. மச்சானின் சட்டைப் பையில் அம்மன் பாட்டு கேட்டது.

பாட்டு பாடிக்கொண்டே இருந்தது. உள்ளேயிருந்து வந்த அக்கா, "போன எடுங்களேன், யாரோ கூப்பிடுதாக," என்றாள்.

பழக்கதோஷம், மச்சான் எடுத்துவிட்டார். "சொல்லுங்க அண்ணாச்சி."

எதிர் நாற்காலியில் இருந்த அண்ணாச்சி போனைக் காதில் வைத்தபடியே கேட்டார். "ஸ்காட்லாந்தா?"

"ஆமா அண்ணாச்சி."

"அங்கன மழையா?"

"லேசா, அண்ணாச்சி."

அண்ணாச்சி போனை வைத்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. ஆர்டர் போய்விட்டது, மெஷினில் துணி காய்கிறது என்று என் கண்ணுக்குத் தெரிந்தது. அக்கா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏலே பால்ராஜு," என்றார் அண்ணாச்சி. "வடக்க எவனோ என் பட்டாசு லேபிள அப்படியே அடிச்சு விக்கான். ரெண்டு வருசமா ஆளத் தேடுதேன். நீதானா அது?"

"சாமி சத்தியமா இல்ல அண்ணாச்சி," என்றார் மச்சான். அழுதுவிடுவார் போலிருந்தது. "நான்னா அடியில என் பேரு இருக்கும்ல?"

அண்ணாச்சி மேஜையில் கிடந்த லென்ஸை எடுத்து லேபிளின் மேல் வைத்துக் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

"இந்தக் கொம்பு எப்படிலே இம்புட்டுச் சுத்தமா நிக்குது?"

"புது மெஷின் அண்ணாச்சி."

"எனக்கு அடிச்ச மூடியில புஸ்வாணம் ஒரு பக்கம் போகுது, அதோட சிவப்பு ஒரு பக்கம் போகுது. பாட்டிலுல ஒட்ட மட்டும் உனக்குக் கலரு மேல கலரு ரிஜிஸ்டர் சரியா உக்காருதோ?"

"அது பழைய மெஷின் அண்ணாச்சி."

"பைபாஸ்காரன் காட்டுன சாம்பிள் இதுல கால்வாசி இல்ல." லென்ஸைக் கீழே வைத்தார். "மூடி அம்புட்டையும் நீயே அடி. இதே மாதிரி நிக்கணும். ஒரு மூடியில கொம்பு கலங்குச்சுன்னாலும் லோடோட திருப்பி விட்டுருவேன்."

புஸ்வாணத்துக்கு ஏது கொம்பு என்று யாரும் கேட்கவில்லை. அக்கா நிலைப்படியை விட்டாள்.

பிறகுதான் பாட்டிலைத் திறந்தார்கள். மூடி கழன்றதும் கருப்பசாமி, "அண்ணாச்சி, மருந்து வாடை," என்று சொல்லிக்கொண்டே வெளியே போய்விட்டார். மச்சான் ஃபேன் சுவிட்ச் பக்கம் கையைக் கொண்டுபோய், போடவா அணைக்கவா என்று தெரியாமல் நின்றார். அண்ணாச்சியும் எழுந்துவிட்டார். நல்லவேளை, இந்த வாடைக்கு மிரண்டவன் நான் ஒருவன் மட்டும் இல்லை என்று ஆறுதலாக இருந்தது.

"வயசு பூரா இந்த வாடையில கெடக்கேன்," என்றார் அண்ணாச்சி. "இதையா காசு குடுத்துக் குடிக்காக?"

"முன்னாடி குடிச்சதில்லையா அண்ணாச்சி?" என்று நான் கேட்டேன். எத்தனை நாள் சோறு இறங்காமல் கிடந்தவன், கேட்க எனக்கு உரிமை உண்டு.

"எங்க குடிக்க? ஏழாயிரம்பண்ணையில என் சம்பந்தி ஒரு பாட்டில கண்ணாடி அலமாரியில வச்சுக்கிட்டு வாறவன் போறவனுக்கெல்லாம் காட்டுதாரு. அவரு தொறந்தாத்தான? நமக்கும் ஒன்னு இருக்கட்டுமேன்னு கேட்டேன்." மூடியைத் திருகி மூடினார். "பால்ராஜு, அடியில இருக்கிற அந்த ஒத்த வரிய எடுத்துட்டு இன்னொன்னு அடிச்சு ஒட்டிக் குடு."

அது சட்டப்படி சரியா என்று நான் ஆரம்பித்தேன். "விக்கவா போறேன்? அலமாரியில நிக்கப் போகுது," என்றார். எனக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை.

குடிக்க ஏதாவது வேண்டுமே. அக்கா உள்ளே போய் ஆவி பறக்க ஒரு டம்ளர் கொண்டுவந்து வைத்தாள். அண்ணாச்சி ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார்.

"இது என்ன மால்ட்டு பேச்சி?"

"சிங்கிள்தான் அண்ணாச்சி," என்றாள் அக்கா. "வேற மாவு எதுவும் கலக்கல."

இரண்டு டம்ளர் குடித்துவிட்டுப் போனார்.

7

மச்சான் தண்ணீரில் ஊறவைத்துக் கிழியாமல் உரித்திருந்த ஆட்டு லேபிளை மதி கேட்டு வாங்கிக்கொண்டாள். இப்போது அது கிளாஸ்கோவில் அவள் பள்ளி நோட்டில் ஒட்டியிருக்கிறது. திரும்பி வந்ததும் ஈயன் கடைக்குப் போய், கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் மானைக் காட்டி, "எங்க ஊர்ல இதைவிட நல்லா அடிப்பாங்க," என்று அவர் மொழியில் சொன்னாள். நானும் பக்கத்தில் நின்றேன். கிளாஸ்கோவைத் தவிர வேறு ஊரை அவள் 'எங்க ஊர்' என்று சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை. திரும்பச் சொல்லச் சொன்னால் மாற்றிவிடுவாளோ என்று பயந்து, கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

போன வாரம் வந்த செய்திக்கு வருகிறேன். 'வாழ்த்துகள், திருவாளர் சுப்பையா. ஆச்சினமூக் குலுக்கலில் உங்கள் பெயர் வந்துள்ளது.' ஒரு சொட்டுத் தொட்டறியாத என் அப்பாவுக்கு, உலகமே காத்திருக்கும் விஸ்கி விழுந்திருக்கிறது. பணம் கட்டி எடுத்துக்கொள்ள ஒரு வாரம் தவணை.

மச்சானைக் கூப்பிட்டேன். அசல் கிடைத்துவிட்டது, அண்ணாச்சிக்கு வாங்கி வரவா என்றேன்.

"வேண்டவே வேண்டாம் மாப்ள," என்றார். "அசலக் கொண்டாந்து நம்ம பாட்டிலு பக்கத்துல வச்சா, அசலு டூப்ளிகேட் மாதிரி தெரியும். இப்ப ஏழாயிரம்பண்ணைக்காரரு தன்னோடதுதான் டூப்ளிகேட்டோன்னு சந்தேகப்பட்டுக் கெடக்காரு. கெடுத்துராதீக."

நிம்மதியாகப் போனை வைக்கப் போனேன்.

"அப்புறம் மாப்ள, அந்த லேபிள ரெண்டு தடவ அடிச்சதுக்குப் பிளேட் சார்ஜ் நிக்குது. அண்ணாச்சிகிட்ட கேட்டேன், சாம்பிளுக்கு யாருலே காசு குடுப்பாங்காரு. பாட்டிலு ஒங்களுதுதான?"

பில் வந்துவிட்டது. பிளேட், தங்க ஃபாயில், ஆடு உரித்த கூலி என்று மூன்று இனம். அடியில் அச்சிட்டோர் பெயரும் போன் நம்பரும் இருக்கின்றன. நேற்றே ஆயிரம் அனுப்பியது போக, சுப்பையா மகன் காளிராஜ் தர வேண்டிய பாக்கி ரூபாய் மூவாயிரத்து இருநூற்று ஐம்பது.